மூட்டத்துக்கு முன்பணம்

கரி வெந்துவிட்டதா என்பதை என் மாமா புகையை வைத்துத்தான் சொல்வார். கட்டையை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடிய மூட்டத்துக்குத் தீ வைத்த முதல் இரண்டு மூன்று நாள் புகை வெள்ளையாக, கனமாக எழும். அது மரத்திலிருக்கிற தண்ணீர். அப்புறம் மஞ்சள் தட்டும், கண்ணைக் கரிக்கும், பக்கத்துக் கொல்லைக்காரர்கள் திட்டுவார்கள். கடைசியில் நீலம் பாரித்து, புகை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு மெலியும். அந்த நேரத்தில் துளைகளை ஈரமண் குழைத்து ஒவ்வொன்றாக அடைத்துவிட வேண்டும். பிந்தினால் சாம்பல். முந்தினால் உள்ளே பாதி கட்டையாகவே கிடக்கும். அடைத்த பிறகும் நாலைந்து நாள் ஆறவிட வேண்டும். மாமா காலையில் எழுந்ததும் போய் மண்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், காய்ச்சல் வந்த பிள்ளையின் நெற்றியில் வைக்கிற மாதிரி.

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஊர்ப் பெயர் எதற்கு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கண்மாய், நடுவில் சீமைக்கருவேலம். மழை பெய்தால் ஒருபோகம் நெல், பெய்யாவிட்டால் கரி. மாமா பெரும்பாலும் கரிதான்.

மூட்டத்தின் பணக் கணக்கு இப்படி. மரம் நிலத்துக்காரருடையது, அதற்கு ஒரு தொகை. வெட்டுக்கூலி, தூர் தோண்டுகிற கூலி, அடுக்குகிற கூலி, வைக்கோல், மண் அணைக்கத் தண்ணீர் வண்டி. இத்தனைக்கும் கையில் காசு இருக்காது. கரிக்கடைக்காரர் முன்பணம் தருவார். கரி மூட்டை ஏறியதும் விலையை அவரே போட்டு, முன்பணத்தைக் கழித்து, மிச்சத்தைத் தருவார். நடுவில் அடைமழை பிடித்து மண் கரைந்து மூட்டம் வாயைத் திறந்துவிட்டால் காற்று உள்ளே போய் எல்லாம் எரிந்துவிடும். அந்த நட்டம் மாமாவுடையது. முன்பணம் அப்படியே அடுத்த மூட்டத்துக் கணக்கில் ஏறும். கடைக்காரருக்கு எந்த மூட்டமும் எரிந்துபோனதில்லை.

நான் பிறகு வங்கி வேலைக்குப் போனேன். இருபத்தாறு வருடச் சர்வீஸில் பாதிக்கு மேல் கடன் பிரிவில். அங்கே என் மேசைக்கு வந்த ஒவ்வொரு திட்ட அறிக்கையையும் பார்க்கும்போது எனக்குள் எழுந்த கேள்வி, மூட்டம் எரிந்தால் முன்பணம் யார் தலையில் என்பதுதான். அதை எல்லா நேரமும் வாய்விட்டுக் கேட்டேன் என்று சொல்ல முடியாது. கேட்காத ஒரு கதையும் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

எங்கள் கடற்கரையில் போடப் பார்த்த ஆகப்பெரிய மூட்டம் உப்பூர் அனல்மின் நிலையம். 800 மெகாவாட் வீதம் இரண்டு அலகுகள், மொத்தம் 1,600. திட்ட மதிப்பு 12,778 கோடி ரூபாய். வெயிலுகந்த விநாயகர் கோயிலால் பெயர் பெற்ற ஊரில் வெயிலை விட்டுவிட்டு நிலக்கரிக்குப் போகிறார்களே என்று நாங்கள் கிண்டல் பண்ணியது உண்டு. ஆனால் அந்தக் காலத்தை மறந்துவிட்டுக் கிண்டல் பண்ணக் கூடாது. 2008-ல் ஆரம்பித்து 2013 வரை தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். சென்னைக்கு வெளியே பகலில் பாதி நேரம் கரண்டு இருக்காது. எங்கள் கிளையில் ஜெனரேட்டர் டீசலுக்கென்றே தனி ரெஜிஸ்டர் வைத்திருந்தோம். ஐஸ் ஃபேக்டரி ஓடாமல் மீனைக் கருவாட்டுக்குப் போட்டார்கள். அந்தப் புழுக்கத்தில் யாராவது வந்து ‘1,600 மெகாவாட்’ என்றால் யாருக்கும் வேண்டாம் என்று சொல்லத் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை.

அப்புறம் நடந்தது பலருக்கும் தெரியும். நிலம் எடுத்தார்கள், பெல் நிறுவனத்துக்கு ஆர்டர் போனது, வேலை ஆரம்பித்தது, கடலுக்குள் பாலம் நீட்டுவதை எதிர்த்து மோர்ப்பண்ணை, திருப்பாலைக்குடிப் பக்கத்து மீனவர்கள் போராடினார்கள். 2021-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு திட்டத்தையே தூத்துக்குடி மாவட்டம் உடன்குடிக்கு நகர்த்துவது என்று மின்வாரியம் முடிவெடுத்தது. உப்பூரில் மூட்டம் அடுக்கியதோடு சரி, தீ வைக்கவில்லை.

எனக்கு அதில் நியாயம் எந்தப் பக்கம் என்பதைவிட, அந்த 12,778 கோடி எப்படிப்பட்ட பணம் என்பதில்தான் ஆர்வம். தொழில்புத்தி.

இந்த மாதிரி நிலையத்துக்குப் பணம் எழுபது-முப்பது என்ற விகிதத்தில் வரும். நூற்றுக்கு எழுபது கடன், முப்பது சொந்த முதல். அரசு மின்நிலையங்களுக்குக் கடன் பெரும்பாலும் பவர் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன், ஆர்.இ.சி. என்ற இரண்டு மத்திய அரசு நிறுவனங்களிடமிருந்துதான் கிடைக்கிறது. 12,778 கோடியில் எழுபது சதம் என்றால் சுமார் 8,945 கோடி. பத்து சதம் வட்டி என்று வைத்துக்கொள்வோம், கணக்குக்கு வசதியாக. முழுக் கடனும் இறங்கிய பிறகு வருடத்துக்கு 894 கோடி வட்டி. நாளுக்கு இரண்டரைக் கோடி. ஞாயிறு, தீபாவளி, புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய நாள், எதுவும் விதிவிலக்கில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, நிலையம் கட்டி முடிக்கும்வரை அந்த வட்டியைக் கட்ட வருமானம் கிடையாது. அதனால் அந்த வட்டியையும் கடனோடு சேர்த்துவிடுவார்கள். கட்டுமானக் கால வட்டி என்று தனியாக ஒரு வரி இருக்கும். திட்ட அறிக்கையில் நான் முதலில் புரட்டுவது அந்த வரியைத்தான். நான்கு வருடத்தில் முடியும் என்று போட்டிருந்தால் நான்கு வருட வட்டி. ஏழு வருடமானால்? சிமெண்டும் இரும்பும் அதே அளவுதான் இருக்கும், திட்ட மதிப்பு மட்டும் வீங்கும். வடசென்னை மூன்றாம் நிலை 800 மெகாவாட் அலகு பத்தாயிரம் கோடியைத் தாண்டித்தான் 2024 மார்ச்சில் தொடங்கி வைக்கப்பட்டது. உப்பூரின் மதிப்பீடு அதைப்போல இரண்டு அலகுக்கு 12,778 கோடி. அந்த விலைக்கு முடிந்திருக்குமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, கட்டி முடித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். மின்சார விலையில் இரண்டு பகுதி. ஒன்று நிலைக்கட்டணம், இன்னொன்று எரிபொருளுக்கான கட்டணம். நிலக்கரி எரித்தால்தான் இரண்டாவது. முதலாவது எரித்தாலும் எரிக்காவிட்டாலும். எங்கள் ஊர்ப் பாஷையில், மூட்டம் போட்டாலும் போடாவிட்டாலும் கொடுக்க வேண்டிய இடவாடகை.

ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். வட்டி 894 கோடி. சொந்த முதலுக்கு மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணைய விதிப்படி 15.5 சதம் லாபம், அது 594 கோடி. தேய்மானம் 5.28 சதம், 675 கோடி. ஆட்கள், பராமரிப்பு என்று 400 கோடி. எல்லாம் சேர்த்து வருடத்துக்கு சுமார் 2,560 கோடி, ஒரு கரித்துண்டு கூட எரிக்காமல். நிலையம் 85 சதம் ஓடினால், தன் சொந்த உபயோகம் போக, 1,120 கோடி யூனிட் வெளியே வரும். யூனிட்டுக்கு நிலைக்கட்டணம் 2 ரூபாய் 29 காசு. பரவாயில்லையே என்று தோன்றும். அதே நிலையம் 50 சதம்தான் ஓடுகிறது என்றால் 660 கோடி யூனிட்கூட வராது. அப்போது யூனிட்டுக்கு 3 ரூபாய் 89 காசு. கரி விலை இதற்கு மேல். திட்ட அறிக்கைகளில் எப்போதும் 85 சதம்தான் போட்டிருக்கும். ஐம்பது என்று போட்டு வந்த அறிக்கையை நான் பார்த்ததே இல்லை. போட்டால் கடன் கிடைக்காதே.

பாதி ஓட்டம் என்பது என் கற்பனை அல்ல. உப்பூரிலிருந்து தென்மேற்கே கமுதிப் பக்கம் போனால் 2016-ல் வந்த சூரிய மின்நிலையம் இருக்கிறது. 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கர். அந்தத் தகடுகளுக்கு மாநிலம் ஒப்புக்கொண்ட விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு. அப்போது அது கொள்ளை விலை என்று பலரும் சொன்னோம். மறு வருடமே தமிழ்நாட்டில் நடந்த ஏலத்தில் 3 ரூபாய் 47 காசு. ராஜஸ்தான் பட்லாவில் 2 ரூபாய் 44 காசு. மதியம் பதினொன்றிலிருந்து மூன்றுவரை வெயில் கொடுக்கிற மின்சாரத்துக்கு எரிபொருள் செலவு இல்லை. அதனால் அந்த நேரத்தில் அனல்மின் நிலையங்களைத் தணிக்கச் சொல்கிறார்கள். முன்பு 55 சதத்துக்குக் கீழே இறக்க வேண்டாம் என்றிருந்தது, 2023-ல் மத்திய மின்சார ஆணையம் போட்ட விதியில் 40 சதம்வரை இறங்கப் பழக வேண்டும் என்று வந்துவிட்டது. மெரிட் ஆர்டர் என்பார்கள், எவனுக்கு எரிபொருள் செலவு குறைவோ அவனை முதலில் ஓட்டுவது. மில்லுக்கு நெல் வரிசையில் நிற்பது மாதிரிதான், என்ன, இந்த வரிசையில் கடைசியில் நிற்பவனுக்கும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

சாயங்காலம் வேறு கதை. 2024 மே மாதம் தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட் தொட்டது. இரவு எட்டு மணிக்கு வெயில் இல்லை, என் வீட்டு ஏசி ஓடுகிறது, உங்கள் வீட்டிலும் ஓடும். அதற்குக் கரி வேண்டாம் என்று இன்றைக்கு ஒரே வாக்கில் சொல்பவரிடம் நான் மேற்கொண்டு பேசுவதில்லை. புதிதாக ஒன்று கட்டக் கடன் வாங்குவது வேறு, இருப்பதை ஓட்டுவது வேறு என்பதுதான் என் கட்சி. புதியது இருபத்தைந்து முப்பது வருடத்துக்கு 85 சதம் ஓடும் என்று கையெழுத்துப் போடச் சொன்னால் பேனா நகரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்தக் கேட்காத கேள்வியின் கதை.

இரண்டாயிரங்களின் பிற்பாதி. எங்கள் மாவட்டத்தில் சீமைக்கருவேலத்தை எரித்து மின்சாரம் எடுக்கும் சின்ன நிலையம் ஒன்றுக்குக் கடன் விண்ணப்பம் வந்தது. மாவட்டமும் எனக்குப் பழக்கம், மரமும் பழக்கம் என்று மேலதிகாரி என்னிடமே தள்ளிவிட்டார். அறிக்கை கெட்டி அட்டையில், வண்ணப் படங்களோடு இருந்தது. எரிபொருள் பக்கத்தில், இந்த மரம் இங்கே அபரிமிதம், வேறு உபயோகம் பெரிதாக இல்லை, எனவே விலை வருடத்துக்கு ஐந்து சதத்துக்கு மேல் ஏறாது என்று இருந்தது. நான் யார்? கரிமூட்டக்காரரின் மருமகன். வேறு உபயோகம் இல்லையா என்று அந்த இடத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பசுமை மின்சாரம் என்ற வார்த்தையில் மயங்கினேனோ, மார்ச் மாத டார்கெட்டில் மயங்கினேனோ. பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

நிலையம் ஓட ஆரம்பித்த ஆறே மாதத்தில் மர விலை ஒன்றரை மடங்கு. செங்கல் சூளைக்காரர்களும் கரிக்காரர்களும் அதே மரத்துக்கு நின்றார்கள். நிலத்துக்காரர்கள் விவரமானவர்கள், மூன்று பேரையும் திண்ணையில் உட்கார வைத்துப் பேரம் பேசினார்கள். ஊருக்குப் போனபோது மாமா என்னிடம், “மருமகனே, எவனோ ஒரு கம்பெனிக்காரன் வந்தான், தூருக்கே வெல வந்துருச்சுப்பா. எந்தக் கிறுக்கன் அவனுக்குக் கடன் குடுத்தான்னு தெரியல” என்றார். நான் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடத்தில் நிலையம் பாதி நாள் நின்றது, பிறகு முழுசாக நின்றது. கடனை ஒத்திவைத்து, மறுசீரமைத்து, கடைசியில் வேறு வழியில்லாமல் எழுதித் தள்ளினார்கள். எனக்கு ஒரு விளக்கக் கடிதத்தோடு போயிற்று.

பெரிய இடத்திலும் இதே பிழைதான், பூஜ்யம் மட்டும் கூட. குஜராத் முந்த்ராவில் 4,000 மெகாவாட் நிலையத்தை யூனிட்டுக்கு 2 ரூபாய் 26 காசு என்று ஏலத்தில் எடுத்தார்கள். இந்தோனேசிய நிலக்கரியை நம்பிப் போட்ட விலை. 2010-ல் இந்தோனேசியா, ஏற்றுமதியாகும் கரியை உலக விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. கணக்கு கவிழ்ந்தது. விலை ஏறியதை எதிர்பாராத பேரிடராகக் கொண்டு கட்டணத்தை உயர்த்தித் தர முடியாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த நாடு அப்போது மாதாமாதம் அறிவித்த மேற்கோள் விலை 2021 ஜனவரியில் டன்னுக்கு 75 டாலர் சுற்றில் இருந்தது. 2022 அக்டோபரில் 330 டாலர். உப்பூர் மாதிரி ஒரு நிலையத்துக்கு, யூனிட்டுக்கு 600 கிராம் நம் நாட்டுக் கரி என்று பார்த்தால், நாளுக்கு இருபதாயிரம் டன்னை ஒட்டி வேண்டும். சரக்கு ரயிலில் கொண்டுவருவதானால் தினம் ஐந்து முழு ரயில். ஒரிசா தால்ச்சரில் வெட்டி, பாரதீப்பில் கப்பலேற்றி, இங்கே இறக்கி, அதில் நூற்றுக்கு முப்பது நாற்பது பங்கு சாம்பல். இவ்வளவு தூரம் சாம்பலையும் சேர்த்துச் சுமந்து வருகிறோம் என்பது மாமாவுக்குச் சிரிப்பாக இருந்தது. “வெட்டுன எடத்துலயே மூட்டம் போடணும்ப்பா. கட்டையச் சுமந்துக்கிட்டுப் போயி யாராச்சும் மூட்டம் போடுவானா” என்றார். அவர் சொன்னது மின்சாரத்துக்கும் பொருந்தும், கம்பியில் அனுப்புவது சுலபம்தானே. ஆனால் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும். அதற்காகத்தான் இவர்கள் கடலோரமாக வருகிறார்கள்.

தண்ணீர் என்றதும் கடல் பக்கம் போயாக வேண்டும். எனக்கு இந்த விஷயத்தில் ஆகப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நவீனக் கொதிகலன் வைத்தாலும் எரிக்கிற நிலக்கரியின் சூட்டில் நூற்றுக்கு நாற்பதை ஒட்டித்தான் மின்சாரமாகும். கொஞ்சம் புகைபோக்கி வழியாகப் போகும். மிச்சம், ஏறக்குறைய பாதி, டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவியைத் திரும்பத் தண்ணீராக்கும்போது வெளியேறும் சூடு. 1,600 மெகாவாட் மின்சாரம் எடுத்தால் 1,900 மெகாவாட் சுற்றுக்குச் சூட்டை எங்காவது கொட்டியாக வேண்டும். அதாவது காசு கொடுத்து வாங்கிய கரியில் விற்பதைவிடக் கொட்டுவது அதிகம்.

குளிர் தேசங்களில் அதைக் கொட்டுவதில்லை, விற்கிறார்கள். அங்கே மின்நிலையம் கட்டும்போதே ஊருக்கெல்லாம் வெந்நீர்க் குழாய் பதிக்கிற செலவையும் திட்டத்தில் சேர்க்கிறார்கள். வெப்பமும் மின்சாரமும் சேர்ந்து தரும் நிலையம். கரியின் சூட்டில் எண்பது தொண்ணூறு சதம்வரை காசாகிவிடும். கடன் கொடுக்கிறவனுக்கும் நிம்மதி, மின்சாரம் விலை போகாத மாதத்தில் வெந்நீர் விலை போகும். நம் ஊரில் சர்க்கரை ஆலைகளில் இந்த வித்தை உண்டு, சக்கையை எரித்த நீராவியால் மின்சாரமும் எடுத்து, அதே ஆவியில் சாற்றையும் காய்ச்சுவார்கள். ஆனால் ராமநாதபுரம் கடற்கரையில் வீட்டுக்கு வீடு வெந்நீர்க் குழாய் என்றால் சித்திரை மாதத்தில் நம்மை அடிக்க வருவார்கள். மேல்நிலைத் தொட்டித் தண்ணீரே பொரிக்கிறது.

அப்படியானால் அந்தச் சூடு கடலுக்கு. நேரே இழுத்து நேரே விடுகிற முறையில், விடுகிற நீர் கடல்நீரைவிட 7 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. அந்த 7 டிகிரிக்குள் 1,900 மெகாவாட் சூட்டை அடக்க நொடிக்கு 68,000 லிட்டர் கடல்நீர் ஓட வேண்டும். எங்கள் பக்கம் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை எண்ணிக்கொள்ளுங்கள். நொடிக்கு ஐந்தரை லாரி, ராத்திரி பகல். குளிர்விப்புக் கோபுரம் வைத்தால் இவ்வளவு வேண்டாம், சூடு ஆகாயத்துக்குப் போகும். ஆனால் ஆவியானது போக மிஞ்சுகிற கூடுதல் உப்புநீர் கடலுக்குத்தான் திரும்பும். எப்படியானாலும் கடல் தப்பாது.

எந்தக் கடல் என்பதுதான் விஷயம். ராமேசுவரத்துக் காரர்கள் தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பார்கள், வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல். ஆண்கடலில் அலை அடிக்கும், ஆழம். பெண்கடல் வாடைக்காற்றில் கொஞ்சம் முறுக்குமே தவிர மற்ற நேரம் குளம் மாதிரி கிடக்கும். மோர்ப்பண்ணைக் கரையில் இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடந்தே போகலாம். அதில் கடற்புல் தரை, அந்தப் புல்லில் நண்டும் இறாலும், அதைத் தேடி நாட்டுப்படகு. உப்பூர் இந்தப் பெண்கடல் கரையில்தான். இந்தக் குளத்தில் ஊற்றிய வெந்நீர் சீக்கிரம் கலைந்துபோகாது. ஆழத்துத் தண்ணீர் வேண்டுமென்றால் கடலுக்குள் வெகுதூரம் குழாயும் பாலமும் நீட்ட வேண்டும், அது வலை போகிற பாதை. எங்கள் ஊர் நண்டுக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. “அண்ணே, பேங்க்ல இருந்தீகளே, இந்தத் திட்டத்துல எங்க கடலுக்கு என்ன வெல போட்டுருக்காக?” அறிக்கைகளில் கடலுக்கு ஒரு வரி உண்டு, குளிர்விப்பு நீர் அமைப்பு என்று. அதில் குழாய்க்கும் பம்புக்கும் விலை இருக்கும். அதைத்தான் சொன்னேன். அவர் சிரித்தார்.

டென்மார்க்கில் எஸ்பியர் என்று ஒரு துறைமுக ஊர். நிலக்கரியில் ஓடிய வெப்ப-மின் நிலையத்தை 2024-ல் மூடிவிட்டு, பதிலுக்குக் கடல்நீரிலிருந்து சூட்டை உறிஞ்சி வீடுகளுக்கு அனுப்பும் ஹீட் பம்ப் வைத்திருக்கிறார்கள், 70 மெகாவாட். அவர்கள் குளிர்ந்த கடலிலிருந்து சூட்டை எடுத்து விற்கிறார்கள். நாம் ஏற்கெனவே சூடான கடலில் சூட்டைக் கொட்டக் கடன் வாங்கப் பார்த்தோம். படித்த அன்றைக்கு இதை நண்டுக்காரரிடம் சொன்னேன். நம்பவில்லை.

இந்தச் சூட்டை வைத்து இங்கேயும் ஏதாவது செய்திருக்கலாம் என்பது வேறு. வேலைக்கு ஆகாத சூடு என்று ஒன்று இந்த மாவட்டத்தில் இருக்க முடியாது. குடிநீருக்குக் காவிரியை இவ்வளவு தூரம் குழாயில் இழுத்து வருகிறோம். மின்நிலையக் கழிவுச் சூட்டில் கடல்நீரைக் காய்ச்சிக் குடிநீராக்குவதை தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் வடசென்னை அனல்மின் நிலையத்தில் சிறிய அளவில் செய்துகாட்டியும் இருக்கிறது. ஆனால் கடன் கேட்கிற அறிக்கையில் அதைச் சேர்த்தால் முதலீடு கூடும், யூனிட் விலை கூடித் தெரியும், யார் தண்ணீருக்குக் காசு கொடுப்பது என்று கேள்வி வரும். கொட்டுவதற்கு மட்டும் யாரும் பில் போடுவதில்லை.

இந்தக் கடலின் அந்தக் கரையிலும் இதே நாடகம்தான். இலங்கையில் திருகோணமலை சம்பூரில் நம் மத்திய அரசு மின் நிறுவனமான என்.டி.பி.சி.யும் அவர்கள் மின்சார சபையும் சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் கட்டுவதாக இருந்து 2016-ல் கைவிட்டார்கள், இப்போது அதே சம்பூரில் சூரிய மின்சாரத் திட்டம். புத்தளத்து நுரைச்சோலையில் சீனக் கடனில் கட்டிய 900 மெகாவாட் நிலையம் ஓடுகிறது. 2021 செப்டம்பரில் இனி வெளிநாட்டில் புதிய நிலக்கரி நிலையம் கட்ட மாட்டோம் என்று சீனாவே அறிவித்தது. முன்பணம் கொடுக்கிறவர்கள் ஒவ்வொருவராகக் கடையைச் சாத்துகிறார்கள். முன்பு சொன்ன நம் நாட்டு இரண்டு கடன் கடைகள் திறந்துதான் இருக்கின்றன.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். மாமாவுக்கு எண்பதை நெருங்குகிறது, மூட்டம் போட்டுப் பல வருடமாகிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து நான் போட்ட கணக்குக் காகிதத்தைக் காட்டி, நிலைக்கட்டணம் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தேன். எங்காவது ஒரு இடத்தில் மூட்டம் அடுக்கி, அதை அப்படியே இன்னொரு ஊருக்கு மாற்றினால், இங்கே செலவானதற்கும் ஓடிய வட்டிக்கும் கணக்கு எங்கே ஏறும் என்று கேட்டார். வாரியத்தின் மொத்தக் கடனில் கலந்துவிடும், பிறகு கட்டண உயர்வில் கொஞ்சம், அரசு மானியத்தில் கொஞ்சம் என்று பிரிந்துபோகும், இன்னார் கட்டினார் என்று பிரித்துக் காட்ட முடியாது என்றேன்.

“அப்ப நம்ம கடைக்காரர் நோட்டு மாதிரியே இல்ல. அதுல எம் பேரு தெளிவா இருக்கும்.”

அப்போதுதான் எனக்குப் பழையது ஞாபகம் வந்தது. நான் ஒன்பதாவது படிக்கும்போது ஐப்பசி அடைமழையில் மாமாவின் பெரிய மூட்டம் ஒன்று வாய் திறந்து, ஒரே ராத்திரியில் முழுக்க எரிந்தது. அந்த முன்பணம் நாலைந்து மூட்டத்துக்குத் தொடர்ந்து வந்தது. கடைசியில் எப்படி அடைந்தது என்று கேட்டேன்.

“எப்பிடி அடையும். ஒங்க அத்த காதுத் தோட்ட வித்துக் குடுத்தா.”

உள்ளே அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது. “அது மூக்குத்தி. தோட்ட அதுக்கு முந்துன மூட்டத்துக்கே வித்தாச்சு.”